‘ஜஸ்ட்’ என்ற சொல்லை மட்டுக்கட்டுவது எப்படி?

ஆங்கில அகராதியில் ‘ஜஸ்ட்’ என்ற சொல்லைத் தேடினால் ஒன்றுக்கு ஏழாக அர்த்தம் வரும். ‘சரியாக’ என்று ஒரு வரி. அடுத்தது ‘இப்போதுதான்’. பிறகு ‘மட்டும்’, ‘அருந்தப்பில்’, ‘சும்மா’, ‘அப்படியே’. எல்லாம் முடிந்தது என்று நினைத்தால் கடைசியில் ‘நீதியான’ என்று ஒன்று குந்திக்கொண்டிருக்கும். கல்முனையில் ஓ.எல். படிக்கும் பிள்ளை இந்த ஏழையும் கொப்பியில் வரிசையாக எழுதிப் பாடமாக்கிவிடும். பிறகு வினாத்தாளில் ஒரு வசனம் வரும்போது எந்த அர்த்தத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் முழிக்கும்.

பாடமாக்குவதில்தான் பிழை. ஏழு அர்த்தம் என்று பிரித்துப் படிக்கத் தேவையே இல்லை. ‘ஜஸ்ட்’ செய்கிற வேலை ஒன்றுதான். எதை அளக்கிறது என்பது மாற மாற, தமிழில் நாம் போடும் சொல்லும் மாறுகிறது.

எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றைக்கும் அரிசியைச் சுண்டால் அளப்பவர்கள் இருக்கிறார்கள். சுண்டை அரிசிக்குள் விட்டுக் கோலி எடுத்து, மேலே குமிந்து நிற்பதைக் கையால் ஒரு வழி வழித்துவிட்டுப் பானையில் போடுவார்கள். வழித்த பிறகு சுண்டின் வாயும் அரிசியும் ஒரே மட்டம். ‘ஜஸ்ட்’ அந்த வழித்த சுண்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ‘சரியாக’ என்ற அர்த்தம். ‘இதற்கு மேல் இல்லை’ என்பதை மட்டும் அழுத்தினால் ‘மட்டும்’. ‘இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்’ என்றால் ‘அருந்தப்பில்’, ‘மட்டுமட்டாக’. அளக்கிற பொருள் நேரமாக இருந்தால் ‘இப்போதுதான்’. நடந்த காரியத்துக்கும் இந்த நொடிக்கும் நடுவில் இடைவெளி இல்லை என்று பொருள். எல்லாம் ஒரே சுண்டு.

தமிழிலும் இதற்குச் சரிசமமாக ஒரு வேர் இருக்கிறது. ‘மட்டு’. அளவு, எல்லை என்பது அதன் பொருள். அதிலிருந்துதான் ‘மட்டும்’ வந்தது, ‘மட்டுமட்டாக’ வந்தது, ‘மட்டான விலை’ வந்தது, ஆளை அடையாளம் பிடிக்க முடியவில்லை என்றால் ‘மட்டுக்கட்ட முடியேல்ல’ என்கிறோமே, அதுவும் வந்தது. மட்டக்களப்புக்கு ‘மட்டமான களப்பு’ என்று பெயர் விளக்கம் சொல்வார்கள். சுருக்கமாக ‘மட்டு நகர்’ என்று எழுதுவோம். ஊர்ப் பெயரிலேயே இந்த ஒலியை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு ‘ஜஸ்ட்’ விளங்காமல் போகக் கூடாது.

இனி அந்தக் கடைசி வரியில் குந்தியிருக்கும் ‘நீதியான’. ஆரையம்பதியிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு தெரு நீளம் நடந்தால் பெயருக்குப் பின்னால் ‘ஜே.பி.’ என்று பலகை போட்ட கேற் ஒன்று கண்ணில் படும். சமாதான நீதவான். அந்த ‘ஜே’ என்ற எழுத்து ‘ஜஸ்டிஸ்’. சட்டம், உரிமை என்று பொருள்படும் ஒரு இலத்தீன் சொல்லிலிருந்து ‘நேர்மையான’ என்ற பெயரடை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நேர்மையான தராசு எந்தப் பக்கமும் சாயாது என்பதால் ‘சரியாக’ என்ற வினையடை அதிலிருந்து கிளைத்தது. ‘இதற்கு மேல் இல்லை, இவ்வளவுதான்’ என்ற பொருள் பிந்தி, 17ஆம் நூற்றாண்டளவில் சேர்ந்தது. இன்று பேச்சில் நூற்றுக்கு தொண்ணூறு இடத்தில் வினையடைதான் வரும். ‘எ ஜஸ்ட் கிங்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் மட்டும் நீதியான அரசன். அந்தப் பெயரடைக்கு ‘ஜஸ்ட்லி’ என்று தனியாக ஒரு வினையடை உண்டு, ‘நியாயமாக’ என்று பொருள். வினையடை என்றால் ‘லி’ சேர்க்க வேண்டும் என்று படித்த பிள்ளைகள் ‘ஐ ஜஸ்ட்லி கேம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நான் நியாயமாக வந்தேன் என்று ஆகிவிடும்.

இப்பதான் வந்தன்

நமக்கு அதிகம் தேவைப்படுவதும் அதிகம் பிழைக்கிறதும் இந்த இடம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

களுவாஞ்சிகுடியில் ஒரு ரியூசன் வகுப்பு என்று வையுங்கள். பஸ் பிந்தியதால் பிந்தி வந்த பிள்ளை வாசலில் நிற்கிறது. எப்ப வந்த நீங்க என்று ரீச்சர் ஆங்கிலத்தில் கேட்கிறார். பிள்ளையின் மனதில் இருப்பது ‘இப்பதான் வந்தன் ரீச்சர்’. ‘இப்ப’ என்பதற்கு ‘நவ்’, ‘தான்’ என்பதற்கு ‘ஜஸ்ட்’ என்று கூட்டிக் கழித்து, ‘ஐ ஹாவ் கம் ஜஸ்ட் நவ்’ என்று சொல்கிறது. விளங்காமல் போகாது. ஆனால் இரண்டு வசனத்தின் பாதிகளை ஒட்டிய வசனம் அது.

முதலாவது வழி: ‘ஐ ஹாவ் ஜஸ்ட் கம்’. இதில் ‘நவ்’ இல்லை, தேவையும் இல்லை. ‘ஹாவ்’ என்பதற்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் ‘ஜஸ்ட்’ நுழைந்து உட்கார வேண்டும். அங்கே உட்கார்ந்தவுடன் ‘இப்பதான்’ முழுவதும் வந்துவிடுகிறது. ‘த பெல் ஹாஸ் ஜஸ்ட் ரங்’, மணி இப்பதான் அடித்தது. ‘தே ஹாவ் ஜஸ்ட் லெஃப்ட்’, அவர்கள் இப்பதான் போனார்கள். இது பிரசன்ட் பேர்பெக்ட் காலம். நடந்து முடிந்தது, ஆனால் அதன் சூடு இன்னும் ஆறவில்லை என்று சொல்லும் காலம். ‘ஜஸ்ட்’ அந்தச் சூட்டைக் காட்டுவதால் இரண்டும் நன்றாக ஒட்டும்.

இரண்டாவது வழி: ‘ஐ கேம் ஜஸ்ட் நவ்’. ‘ஜஸ்ட் நவ்’ என்று சேர்ந்து வந்தால் அது ‘கொஞ்ச நேரத்துக்கு முன்’ என்று குறிப்பிட்ட ஒரு பொழுதைக் காட்டுகிறது; ‘நேற்று’, ‘காலையில்’ என்பவற்றின் இனம். அதற்கு வெறும் இறந்தகாலம் போதும். ‘நேற்று’க்கு முன்னால் ‘ஹாவ் கம்’ போட மாட்டோம் அல்லவா, அதே காரணம்தான்.

சரி, அப்படியானால் ஆங்கிலப் படங்களில் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்று ‘ஹாவ்’ இல்லாமல் பேசுகிறார்களே? அது அமெரிக்க வழக்கம். அமெரிக்கர்கள் ‘ஜஸ்ட்’, ‘ஆல்ரெடி’, ‘யெட்’ மூன்றோடும் இறந்தகாலத்தைச் சாதாரணமாகப் போடுவார்கள். பிரித்தானிய வழக்கில் ‘ஐ ஹாவ் ஜஸ்ட் ஈட்டன்’. இலங்கைப் பள்ளிக்கூடங்களில் படிப்பிப்பது பெரும்பாலும் பிரித்தானிய இலக்கணம் என்பதால், பரீட்சையில் ‘ஹாவ்’ போட்டு எழுதுங்கள். நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் எழுதும்போது எதுவும் ஓடும்.

நடந்ததற்கு மட்டுமில்லை, நடக்கப் போவதற்கும் இது வரும். அடுப்படியிலிருந்து கூப்பிடும்போது ‘இந்தா வாறன்’ என்கிறோமே, அதற்குச் சரியான ஆங்கிலம் ‘ஐ ஆம் ஜஸ்ட் கமிங்’. ‘வெளிக்கிடப் போறன்’ என்றால் ‘ஐ ஆம் ஜஸ்ட் லீவிங்’, அல்லது ‘ஐ ஆம் ஜஸ்ட் அபவுட் டு லீவ்’. ‘இந்தா வாறன்’ என்று சொல்லிவிட்டு அரை மணித்தியாலம் கழித்து வருபவர்களும் உண்டு. அதற்கு ஆங்கிலம் பொறுப்பில்லை. ஆனால் தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம், எப்போது என்று கேட்காதே’ என்ற பொருள். ‘மறுகா வாறன்’ என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகும் நம் ஆட்களோடு அவர்கள் நன்றாக ஒத்துப்போவார்கள்.

இன்னொன்று. ‘ரீசன்ட்லி’ என்ற சொல்லை ‘ஜஸ்ட்’ என்பதற்குப் பதிலாகப் போடலாம் என்று ஒத்தசொல் பட்டியல்களில் இருக்கும். நேரத்தின் அளவு பெரிதும் வேறு. ‘ஐ ஹாவ் ஜஸ்ட் மெட் ஹிம்’ என்றால் அவர் இன்னும் தெரு முனை தாண்டியிருக்க மாட்டார். ‘ஐ ஹாவ் ரீசன்ட்லி மெட் ஹிம்’ என்றால் போன கிழமையாகவும் இருக்கலாம், இரண்டு மாதமாகவும் இருக்கலாம்.

சும்மா பார்க்கிறன்

காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்குள் நுழைகிறீர்கள். வாங்கும் எண்ணம் பெரிதாக இல்லை. கடைக்காரர் ‘என்ன பார்க்கிறீங்க’ என்றதும் ‘சும்மா பார்க்கிறன் நானா’ என்பீர்கள். பாசிக்குடாவுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் அதே கடையில் அதே இடத்தில் ‘ஐ ஆம் ஜஸ்ட் லுக்கிங்’ என்பார். பார்க்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்த ‘அதற்கு மேல் இல்லை’ தமிழில் ‘மட்டும்’ ஆகும், ‘சும்மா’ ஆகும், ‘வெறும்’ ஆகும், சில வேளை ‘அவ்வளவுதான்’ என்று கடைசியில் போய் ஒட்டும்.

இங்கே ‘ஜஸ்ட்’ நிற்கும் இடம்தான் ராசா. பின்வரும் இரண்டையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

‘ஐ ஜஸ்ட் டோன்ட் லைக் டீ.’
‘ஐ டோன்ட் ஜஸ்ட் லைக் டீ.’

ஒரு சொல் ஓரடி நகர்ந்திருக்கிறது, வேறு வித்தியாசம் இல்லை. முதலாவதைச் சொன்னவருக்குத் தேத்தண்ணி பிடிக்கவே பிடிக்காது; காரணம் கேட்காதே, பிடிக்காது, அவ்வளவுதான். இரண்டாவதைச் சொன்னவருக்கு ‘பிடிக்கும்’ என்ற சொல் போதாது. அவருக்குத் தேத்தண்ணி என்றால் உயிர். ‘ஜஸ்ட்’ தனக்கு வலப்பக்கம் நிற்பதை அளக்கிறது. முதல் வசனத்தில் வலப்பக்கம் ‘டோன்ட்’ நிற்கிறது, மறுப்பு இறுகுகிறது. இரண்டாவதில் வலப்பக்கம் ‘லைக்’ நிற்கிறது, ‘பிடிக்கும் என்பதோடு நிற்கவில்லை’ என்று ஆகிறது. ‘நாட் ஜஸ்ட்’ என்று எங்கே கண்டாலும் ‘மட்டுமல்ல’ என்று வாசியுங்கள், தப்பாது. ‘நாட் ஜஸ்ட் ரைஸ், பட் ஃபிஷ் டூ’, சோறு மட்டுமல்ல, மீனும்.

இந்த அர்த்தத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. ‘இதற்கு மேல் இல்லை’ என்று ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் அது ஆளைத் தாழ்த்துவதாகிவிடும். ‘ஷீ இஸ் எ நர்ஸ்’ என்றால் அவர் தாதி. ‘ஷீ இஸ் ஜஸ்ட் எ நர்ஸ்’ என்றால் ‘வெறும் தாதிதானே’ என்ற இளக்காரம் வந்துவிடுகிறது. தமிழில் ‘அவ நர்ஸ்தான்’ என்று சாதாரணமாக உறுதிப்படுத்துவோம். அந்தத் ‘தான்’ தாழ்த்துவதில்லை. அதை ‘ஜஸ்ட்’ ஆக்கினால் தாழ்த்திவிடும். அதனால்தான் எல்லாத் ‘தான்’களையும் ‘ஜஸ்ட்’ ஆக்கக் கூடாது என்கிறேன். நேர்முகப் பரீட்சையில் ‘ஐ ஆம் ஜஸ்ட் எ ஃபார்மர்ஸ் சன்’ என்று அடக்கமாகச் சொல்ல நினைக்கும் அம்பாறைப் பிள்ளைக்கும் இதையே சொல்வேன்: நாட்டுக்குச் சோறு போடும் தொழில் அது, அதிலிருந்து ‘ஜஸ்ட்’ என்பதை எடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசும்போது மட்டும் இதே அமைப்பு இரக்கமாகிறது. ‘ஹீ இஸ் ஜஸ்ட் எ சைல்ட்’, சின்னப் பிள்ளைதானே, விடுங்க.

‘ஜஸ்ட் ஒன்லி டூ ருபீஸ்’ என்பது போல ‘ஜஸ்ட்’, ‘ஒன்லி’ இரண்டையும் அடுக்குவது கடைப் பலகைகளில் தாராளமாக இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள். ஒருவரை அனுப்பிவிடலாம். ஆனால் திருப்பிப் போட்டு ‘ஒன்லி ஜஸ்ட்’ என்றால் அது பிழையில்லை, பொருளே வேறு. அதற்கு வருகிறேன்.

அருந்தப்பில் தப்பியது

ஓ.எல். பரீட்சையில் 35 புள்ளி எடுத்தால் சாதாரண சித்தி, 34 எடுத்தால் இல்லை. 36 எடுத்த பிள்ளையைப் பற்றி ‘ஹீ ஜஸ்ட் பாஸ்ட்’ என்பார்கள். கோட்டைத் தொட்டுவிட்டுத் தாண்டியது. சிக்கல் என்னவென்றால், எழுத்தில் பார்க்கும்போது அதே வசனம் அமெரிக்க வழக்கில் ‘இப்பதான் பாஸ் பண்ணினான்’ என்றும் ஆகும். பேச்சில் அழுத்தம் காட்டிக்கொடுக்கும். ‘ஜஸ்ட்’ மேல் கனம் விழுந்தால் மட்டுமட்டு. எழுத்தில் சந்தேகம் வரக்கூடாது என்றால் ‘ஹீ ஒன்லி ஜஸ்ட் பாஸ்ட்’ என்று எழுதலாம். ‘ஒன்லி ஜஸ்ட்’ என்று வந்தால் பெரும்பாலும் மயிரிழைதான்.

வீதியில் நாம் ‘ஜஸ்ட் மிஸ்’ என்று ஒரு பெயர்ச்சொல்லே செய்து வைத்திருக்கிறோம். மோட்டார் சைக்கிளில் போகும்போது பஸ் உரசாமல் போனால் ‘அடியே, ஜஸ்ட் மிஸ் மச்சான்’. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘தட் வோஸ் குளோஸ்’ என்பார்கள். நம் வழக்கை விடச் சொல்லவில்லை, விளங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வசனமாக்கும்போது யார் யாரை மிஸ் பண்ணினார்கள் என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். ‘ஐ ஜஸ்ட் மிஸ்ட் த பஸ்’ என்றால் கல்முனை பஸ் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே போய்விட்டது, அடுத்ததுக்கு நிற்க வேண்டும். ‘த பஸ் ஜஸ்ட் மிஸ்ட் மீ’ என்றால் பஸ் உங்களை அடிக்காமல் போயிருக்கிறது, கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும்.

எண்களோடும் இதே எல்லைக் கணக்கு வரும். ‘ஜஸ்ட் ஓவர்’ என்றால் கொஞ்சம் கூட, ‘ஜஸ்ட் அண்டர்’ என்றால் கொஞ்சம் குறைய. கல்லடியின் பழைய பாலம் 1924இல் கட்டியது. அது இன்று ‘ஜஸ்ட் ஓவர் எ ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்ட்’. ‘ஜஸ்ட் எ ஹண்ட்ரட்’ என்றால் கதை வேறு, ‘நூறே நூறுதான்’ என்று ஆகி, நூறு போதாது என்று குறைப்படுவது போல் கேட்கும். இடத்துக்கும் அப்படியே. ‘ஜஸ்ட் பிஹைண்ட் த சேர்ச்’, சேர்ச்சுக்கு ஒட்டிய பின்பக்கம். ‘ஜஸ்ட்’ இல்லாவிட்டால் பின்பக்கம் எங்கேயோ என்று தேட வேண்டியதுதான்.

ஒருக்கா இஞ்ச வாங்க

மட்டக்களப்பில் யாரையாவது கூப்பிடும்போது ‘இஞ்ச வாங்க’ என்று மொட்டையாகச் சொல்ல மாட்டோம். ‘ஒருக்கா இஞ்ச வாங்க’ என்போம். எத்தனை முறை வருவது என்ற கணக்கு அதில் இல்லை. ‘பெரிய வேலை ஒன்றுமில்லை, சின்ன விசயம்தான்’ என்று வேண்டுகோளின் கனத்தைக் குறைக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ‘ஒருக்கா’ பல இடங்களில் ‘ஜஸ்ட்’. ‘குட் யூ ஜஸ்ட் சைன் ஹியர்’, இதில ஒருக்காக் கையெழுத்து வைங்க. ‘ஐ ஜஸ்ட் வோன்டட் டு ஆஸ்க்’, சும்மா ஒருக்காக் கேட்டுப் பார்ப்பம் என்று.

கந்தோர் ஈமெயில்களில் இது அளவுக்கு மிஞ்சிப் போகிறது. ‘ஐ ஆம் ஜஸ்ட் ரைட்டிங் டு ஜஸ்ட் செக் இஃப் யூ குட் ஜஸ்ட்’ என்று மூன்று தடவை கனத்தைக் குறைத்தால் கடைசியில் கடிதமே எடையில்லாமல் பறந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதப் பழக்குபவர்கள் பலரும் இந்த ‘ஜஸ்ட்’ என்பதை வெட்டச் சொல்வார்கள். முழுவதும் வெட்டினால் சில வேளை முறைப்பாடு மாதிரி ஆகிவிடும் என்பது என் எண்ணம். ஒரு கடிதத்துக்கு ஒன்று இருக்கட்டும், அதுவும் கேள்வி கேட்கும் வரியில்.

அதே சொல் குரல் மாறினால் கடுமையாகவும் ஆகும். ‘குட் யூ’, ‘பிளீஸ்’ எதுவும் இல்லாமல் வெறும் ஏவலோடு வந்தால் ‘வேறு கதை வேண்டாம்’ என்ற பொருள். ‘ஜஸ்ட் சிட் டவுன்!’ என்று ரீச்சர் சொன்னால் உடனே இருந்துவிட வேண்டும். நைக்கி நிறுவனம் 1988இலிருந்து பாவிக்கும் ‘ஜஸ்ட் டூ இட்’ என்ற விளம்பர வரியும் இந்த வகைதான். யோசித்துக்கொண்டு நிற்காதே, செய். நம் ‘ஒருக்கா’வும் இப்படி இரண்டு பக்கமும் வெட்டும். ‘ஒருக்கா இருங்க, வாறன்’ என்றால் பணிவு. ‘ஒருக்காச் சும்மா இரு மனே’ என்றால் அம்மாவின் பொறுமை முடிந்துவிட்டது.

‘த கேர்ட் வோஸ் ஜஸ்ட் வொண்டர்ஃபுல்’ என்று எருமைத் தயிரைப் புகழ்வதும் இதன் உறவுதான்: அற்புதம், வேறு சொல்லில்லை. இதில் விளக்க அதிகம் இல்லை. நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும், ‘ஜஸ்ட் டெரிபிள்’.

ஒத்த சொற்கள்

‘ஜஸ்ட்’ என்பதற்கு ஒத்தசொல் என்று பத்துப் பதினைந்து சொல்லைப் பட்டியலிட்டு வைத்திருப்பார்கள். ஒன்றுக்கொன்று ஒத்தவை அல்ல அவை. ‘எக்ஸாக்ட்லி’க்கும் ‘பேர்லி’க்கும் என்ன உறவு? ஒரு உறவும் இல்லை; இரண்டும் ‘ஜஸ்ட்’ வீட்டுக்கு வெவ்வேறு வாசலால் வருபவை. ஆகவே முதலில் வசனத்தில் ‘ஜஸ்ட்’ எதை அளக்கிறது என்று பாருங்கள், பிறகு மாற்றுச் சொல்லைப் போடுங்கள்.

சரியாக என்றால் ‘எக்ஸாக்ட்லி’. எழுத்தில் கொஞ்சம் நறுக்காக வேண்டுமென்றால் ‘பிரிசைஸ்லி’. ‘இட் இஸ் ஜஸ்ட் வட் ஐ நீடட்’ என்பதை ‘எக்ஸாக்ட்லி வட் ஐ நீடட்’ என்று மாற்றலாம், பொருள் அசையாது.

மட்டும் என்றால் ‘ஒன்லி’, ‘சிம்ப்ளி’, ‘மியர்லி’. இதில் ‘மியர்லி’ கட்டுரைக்கும் கந்தோர் மொழிக்கும் உரியது. கடையில் நின்று ‘ஐ ஆம் மியர்லி லுக்கிங்’ என்று சொன்னால் கடைக்காரர் உங்களை ஏதோ சட்டத்தரணி என்று நினைப்பார். ‘சிம்ப்ளி’ காரணம் சொல்ல விரும்பாத இடத்துக்கு நல்லது: ‘ஐ சிம்ப்ளி டோன்ட் நோ’.

மட்டுமட்டு என்றால் ‘பேர்லி’, ‘நேரோலி’. தப்பியது, தோற்றது, வென்றது போன்ற போட்டி விசயங்களுக்கு ‘நேரோலி’ பொருந்தும். ‘பேர்லி’யில் ஒரு சின்னக் குறைபாட்டுத் தொனி உண்டு. ‘ஹீ ஜஸ்ட் பாஸ்ட்’ என்று தகப்பன் சொன்னால் ‘எப்படியோ பாஸ் பண்ணிட்டான்’ என்ற நிம்மதி இருக்கலாம். ‘ஹீ பேர்லி பாஸ்ட்’ என்றால் முகம் கொஞ்சம் சுளித்திருக்கிறது. பலர் ‘ஹார்ட்லி’யையும் இதே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அது கோட்டின் மறுபக்கம். ‘ஐ ஜஸ்ட் ஹியர்ட் இட்’ என்று அழுத்திச் சொன்னால் மெல்லிதாக என்றாலும் கேட்டது. ‘ஐ ஹார்ட்லி ஹியர்ட் இட்’ என்றால் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேண்டுகோளில் வரும் ‘ஒருக்கா’ ஜஸ்டுக்கு ஒத்தசொல் கிடையாது. அங்கே ‘ஒன்லி’ போட்டால் வசனம் உடைந்துவிடும். ‘குட் யூ ஒன்லி சைன் ஹியர்’ என்றால் ‘இங்கே மட்டும் கையெழுத்து வை, வேறெங்கும் வைக்காதே’ என்று பயமுறுத்துவது போல் இருக்கும்.

சேர்த்தே பாவிக்கும் சில தொடர்களை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பார்க்க வேண்டாம். ‘ஜஸ்ட் இன் கேஸ்’ என்பது ‘எதற்கும் இருக்கட்டும்’. மாரி தொடங்கிவிட்டால் வெயில் எறித்தாலும் குடையை எடுத்துப் போகிறோமே, அதற்கு இதுதான் ஆங்கிலம். ‘ஜஸ்ட் அபவுட்’ என்றால் கிட்டத்தட்ட. ‘நாட் ஜஸ்ட் யெட்’ என்றால் இப்போதைக்கு இல்லை, கொஞ்சம் பொறு. ‘ஜஸ்ட் பிகோஸ்’ என்றால் ‘அதற்காக மட்டும்’. பிள்ளை ‘ஏன் செய்தாய்’ என்ற கேள்விக்கு அதை மட்டும் பதிலாகச் சொன்னால் ‘சும்மாதான்’. ‘ஜஸ்ட் அஸ்’ இரண்டு வேலை செய்யும்: ‘ஜஸ்ட் அஸ் குட்’ என்றால் அதே அளவு நல்லது, ‘ஜஸ்ட் அஸ் ஐ ரீச்ட் த கேற்’ என்றால் நான் கேற்றடிக்கு வந்த அந்த நேரம் பார்த்து.

காதில் விழுவது

எழுத்தில் பழகியவர்களுக்குக் காதில் இந்தச் சொல் பிடிபடாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேகமாகப் பேசும்போது கடைசி ‘ட்’ பெரும்பாலும் விழுந்துவிடும். அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால் ‘ஜஸ் கோ’, ‘ஜஸ் வெயிட்’ என்றுதான் கேட்கும். அழுத்தம் இல்லாத இடத்தில் உயிரொலியும் தேய்ந்து ‘ஜெஸ்’, ‘ஜிஸ்’ என்று போகும். ‘ஐ ஹாவ் ஜஸ்ட்’ என்பது ‘ஐவ் ஜஸ்’ என்று சுருங்கும். அந்த ‘வ்’ ஒலி ஒரு மூச்சுதான். அதைத் தவறவிட்டால் ‘ஐ ஜஸ்ட்’ என்று கேட்டு, ‘ஹாவ் சொல்லாமல்தானே பேசுகிறார்கள்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

காதைப் பழக்க நான் சொல்லும் வழி கிரிக்கெட் ஆங்கில வர்ணனை. பந்து எல்லைக் கோட்டுக்கு இப்பாலா அப்பாலா, ஸ்டம்ப்புக்கு உள்ளா வெளியா என்று ஓவர் முழுக்க அளந்துகொண்டே இருக்கும் விளையாட்டு அது, அதனால் ‘ஜஸ்ட்’ என்பதற்குப் பஞ்சமே இராது. ‘ஜஸ்ட் அவுட்சைட் ஓஃப் ஸ்டம்ப்’, ஓஃப் ஸ்டம்புக்கு ஒட்டினாற்போல் வெளியே. ‘ஜஸ்ட் ஷோர்ட் ஒஃப் த ஃபீல்டர்’, பிடிக்க நின்றவருக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. ‘ஹீ ஹாஸ் ஜஸ்ட் கம் டு த கிரீஸ்’, இப்பதான் ஆட வந்திருக்கிறார். ‘ஹீ ஜஸ்ட் நீட்ஸ் எ சிங்கிள்’, ஒரு ஓட்டம் போதும். ‘தட் இஸ் ஜஸ்ட் பிரில்லியண்ட்’, சொல்ல வார்த்தையில்லை. ஒரு இன்னிங்ஸ் கேட்டால் இந்தக் கட்டுரையில் வந்த வகைகளில் பெரும்பாலானவை வந்துவிடும், ‘ஒருக்கா’ வகை ஒன்றைத் தவிர. அது வேண்டுமென்றால் மூன்றாவது நடுவரிடம் கேட்கும் நேரம் வரை பொறுங்கள்: ‘கேன் வி ஜஸ்ட் ரோல் இட் பேக், பிளீஸ்’, அதை ஒருக்காப் பின்னுக்கு ஓட்டிக் காட்டுங்க.